சபைக்குச் சொந்தமான பல்

தர்மத்துக்காக நாட்டைத் துறந்தவர்கள் உண்டு. தலையையே கொடுத்தவர்களும் உண்டு. முன்பல்லைக் கொடுத்த பெருமை சின்னக் காஞ்சிபுரத்து யதிராஜன் ஒருவனுக்கே உரியது.

உற்சவத்தில் எந்தக் கோஷ்டி முதலில் பாசுரம் சேவிப்பது என்ற உலகப் பிரச்சினையை இரண்டு கோஷ்டிகளும் 'சாத்விகமாக' விவாதித்தபோது, ஒரு முழங்கை யதிராஜன் வாயில் விழுந்தது. பல் விழவில்லை. முதலில் சாம்பல் பூத்தது. பிறகு மெல்ல மெல்லக் கத்தரிக்காய்த் தோலின் நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

"நரம்பு செத்துப்போயிருக்குது சார். உள்ள மருந்து வெச்சு மூடினா கொஞ்ச நாள்ல வெளுத்துடும்," என்றார் பல் டாக்டர் அந்தோணி.

செய்தி கேட்டு யதிராஜனின் கோஷ்டி சபை அவசரமாகக் கூடியது. எதிர்க் கோஷ்டி மீது அவர்கள் போட்டிருந்த வழக்குக்கு அந்தப் பல்தான் முக்கிய சாட்சி.

"வெளுத்துட்டா ஜட்ஜ் எதைடா பார்ப்பார்?" என்றார் தலைவர் தேவராஜ சுவாமி. "பல் உன்னோடதுதான். கறுப்பு நம்ம எல்லாரோடதும்."

"தீர்ப்பு எப்போ வரும் மாமா?"

"வெள்ளைக்காரன் காலத்துல என் தோப்பனார் போட்ட கேஸே இன்னும் நடந்துண்டிருக்கு. என்ன அவசரம்?"

அன்றோடு யதிராஜன் சிரிப்பதை நிறுத்தினான். தையில் அவனுக்கு மாலையிட இருந்த அத்தை மகள் தாரா வந்தபோதும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அவள் குடைந்தபிறகு, உதடு பிரியாமலே விஷயத்தைச் சொன்னான்.

"பல் கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போறது. சிரிக்காத மனுஷரோட என்னால குடித்தனம் பண்ண முடியாது. கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

"தாரா!"

"சரி, எதிர்க் கோஷ்டி எங்கே நின்னா?"

"எனக்கு முன்னாலே."

"முழங்கை?"

"பின்னாலேர்ந்து வந்தது. யாரோ இடிச்சுண்டு முன்னாலே வந்தா. யாருன்னு திரும்பினேன். வாயிலேயே விழுந்தது."

"யார் அத்தான்?"

"தேவராஜ மாமா."

"இதைச் சபையில சொன்னேளா?"

"யாரும் கேக்கலையே!"

மறுநாள் யதிராஜன் தலைவரிடம் பணிவாகக் கேட்டான்: "கோர்ட்டுல பல்லைக் காட்டறேன் மாமா. முழங்கை யாரோடதுன்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லட்டும்?"

சுவாமி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்தை வெச்சுண்டு பல்லோட என்னடா விளையாட்டு? ஓடு அந்தோணிகிட்ட!"

அன்று மாலையே சபை, 'மணமகனின் புன்னகையைக் கருத்தில் கொண்டு', பல்லை ஏகமனதாக விடுதலை செய்தது. தையில் மாலை மாற்றியபோது யதிராஜன் சிரித்தான். போதும் என்று தாரா கிள்ளும்வரை சிரித்தான்.

வழக்கை மட்டும் சபை வாபஸ் வாங்கவில்லை. வேறொரு கறுப்புப் பல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வரும் உற்சவத்தில் இளைஞர்களையெல்லாம் முன்னால் நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நிற்கத் தேவராஜ சுவாமி பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார்.