தோணிக்குள் ஒரு நேர்முகத்தேர்வு

அன்று எங்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா. தங்கச்சி கஜனி. அவளோடு கம்பஸில் படித்த ரிஸ்வானா, குறிஞ்சாக்கேணியிலிருந்து தன்னுடைய லப்டொப்பைக் கொண்டுவந்தவள். கரைவலைச் சம்மாட்டி வேலுப்பிள்ளை மாமா. வலையும் தோணியும் அவருடையவை. மாரியம்மன் கோயில் பூசாரி. வலை இழுக்கிற ஆட்கள், சேட் இல்லாமல் வெறும் மேலோடு. லப்டொப்புக்குள் கொழும்பிலிருந்து மூன்று பேர், கோட்டும் டையுமாக. பிறகு நான்.

பிழை யாருடையது என்று வீட்டில் இன்றைக்கும் விசாரணை நடக்கிறது. தீர்ப்பு ஒன்றுதான். நான்.

நான் அதிகம் கதைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்போடு கடலுக்கு வந்தவன். கதைத்தால் மீன் வராது என்று அங்கே தெரிந்துகொண்டேன். வீட்டில் எனக்கும் சேர்த்து அம்மா கதைப்பார். அம்மாவுக்கும் சேர்த்துக் கஜனி கதைப்பாள்.

கஜனி படித்தது வியாபார முகாமைத்துவம். இரண்டாம் வருடத்திலேயே எங்களை முகாமை செய்யத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணா, உங்கட தொழிலுக்கு ஒரு திட்டமும் இல்லை."

"மீனுக்கும் இல்லை" என்றேன்.

கடைசி வருடத்தில் சிரிப்புப் போய்விட்டது. ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பனியில் பயிற்சி எடுக்க வேண்டும். இடத்தைப் பிள்ளைகளே தேட வேண்டும். மாதம் முடிவதற்குள் இடம் இல்லையென்றால் அந்த வருடம் பட்டம் இல்லை. அடுத்த வருடப் பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். கூடப் படித்த எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. ரிஸ்வானாவுக்கு ஒரு வங்கியில் கிடைத்தது. கஜனிக்கு மட்டும் ஒருவரும் பதில் போடவில்லை. சோறு பிசைந்தபடி இருப்பாள், சாப்பிட மாட்டாள். கதையும் நின்றது. வீட்டில் நான் ஒருவன் கதைக்காமல் இருந்தால் போதும். இரண்டு பேர் என்றால் தாங்காது.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கம்பனி கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு நேர்முகத்தேர்வு. நேரே போகத் தேவையில்லை, லப்டொப்பில்தான். என்ன செய்கிற கம்பனி என்று கேட்டேன். "தீர்வுகள் குடுக்கிற கம்பனி" என்றாள். எதற்குத் தீர்வு என்று கேட்கவில்லை. (கேட்டிருந்தால் எங்களுக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம்.)

முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"நீங்கள்தான் கம்பனி ஆள். என்னட்ட ஒரு கேள்வி கேளுங்கோ."

நீண்ட நேரம் யோசித்தேன். "சாப்பிட்டியோ?" என்றேன்.

அதோடு என்னை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள்.

அம்மாவிடம் நேரத்தைச் சொன்னதும்தான் கரைச்சல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம்.

"ராகு காலத்தில ஆரும் வேலை கேட்டுப் போவினமோ?" என்றார் அம்மா.

"அம்மா, நான் போகேல்லை. வீட்டிலதான் இருக்கப் போறன்."

"அதுதான் பிழை. பத்தரைக்கு முதல் வெளிக்கிட்டுப் போயிருந்தா ராகு ஒண்டும் செய்யாது. வீட்டுக்குள்ள இருக்கிறவள் எப்பிடி வெளிக்கிடுறது?"

கஜனி என்னைப் பார்த்தாள். ரிஸ்வானா போனில் இருந்தாள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பஸ் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் சிக்னலும் சரியில்லை. போனைக் கூரைக் கம்பில் தொங்கவிட்டால்தான் பிடிக்கும். கடற்கரையில் நன்றாக எடுக்கும்.

நான் வருடத்தில் ஒரு யோசனை சொல்கிற ஆள். அந்த வருடத்துக்கானதைச் சொன்னேன்.

"தோணி."

கரைவலைப் பருவம் தொடங்கும் வரைக்கும் சம்மாட்டியின் பெரிய தோணி கரையில், கிடுகுக் கொட்டிலுக்குள் கிடக்கும். நிழல் உண்டு. இருக்கப் பலகை உண்டு. சிக்னல் உண்டு. பத்தரைக்கு முதல் வீட்டை விட்டு வெளிக்கிட்டதாகவும் ஆகிவிடும். அதுவும் வாகனத்துக்குள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. என்னுடைய யோசனை ஒன்று அம்மாவுக்குப் பிடித்தது அதுதான் முதல்தரம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சம்மாட்டியிடம் போனேன்.

"மாமா, வெள்ளிக்கிழமை தங்கச்சி தோணிக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கட்டோ? ஒரு சோதனை."

"இருக்கட்டும். ஆனா பன்னிரண்டு அஞ்சுக்குத் தோணி இறக்கிறம். நேரம் பாத்தாச்சு. அதுக்குள்ள பிள்ளையை எழும்பச் சொல்லு."

"ஓம்" என்றேன்.

பத்தே முக்காலுக்குத் தொடங்கினால் பதினொன்றேகாலுக்கு முடியும். கணக்கு எனக்கும் வரும். ஆகவே வீட்டில் இதைச் சொல்லவில்லை. அவசியம் இல்லாமல் ஏன் கதைப்பது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அம்மா கஜனியின் நெற்றியில் திருநீறு பூசி, படலையைத் தாண்டி வெளியே விட்டார். மேலே கறுப்புக் கோட். கீழே வீட்டில் போடுகிற பூப்போட்ட பாவாடை. கமராவில் பாதி ஆள்தான் தெரியுமாம். தோணியின் பின்பக்கப் பலகையில், கடலைப் பார்த்தபடி இருத்தினோம். அவளுக்கு முன்னால் மீன் பெட்டி, அதன் மேல் லப்டொப். அவள் முதுகுக்குப் பின்னால், தோணிக்கு வெளியே, கொட்டிலின் இரண்டு கம்புகளில் ஒரு வெள்ளைப் படுக்கைத் துணியை இழுத்துக் கட்டினேன். திரையில் பார்த்தால் வெள்ளையடித்த சுவர். ரிஸ்வானா முன்பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"அண்ணா, கொழும்பு ஒஃபிஸ் மாதிரியே இருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமைதான். ஒளித்து என்ன.

பத்தே முக்கால் ஆனது. திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்தது. பதினொன்றேகால் ஆனது. அதே திரை.

"எங்களுக்கு முன்னால உள்ள ஆக்கள் இன்னும் முடியல்லயாம்" என்றாள் ரிஸ்வானா.

பதினொன்றரை. நான் கடலைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். தோணிக்குக் கீழே கிடந்த உருளைக் கட்டைகளைப் பார்த்தேன். காலையிலேயே கிறீஸ் பூசி வைத்திருந்தார்கள். நல்ல பூச்சு.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது திரையில் மூன்று பேர் வந்தார்கள். கஜனி நிமிர்ந்து ஆங்கிலத்தில் தொடங்கினாள். எனக்கு விளங்கவில்லை. ஆனால் நன்றாகக் கதைக்கிறாள் என்று விளங்கியது. திரைக்குள் இருந்த பெண்மணி தலையாட்டினார். கஜனியின் முகத்தில் பழைய கஜனி வந்தாள்.

அப்போது ஒழுங்கை வழியாகப் பூசாரி தேங்காயோடு வந்தார். பின்னால் சம்மாட்டி. அதற்குப் பின்னால் ஊர்.

ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். விரலை வாயில் வைத்தேன்.

"என்னடா?" என்றார் சம்மாட்டி.

"முடியேல்லை."

"என்ன முடியேல்லை?"

"சோதனை."

"நீ என்ன சொன்னனீ? ஓம் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஓம்."

அவர் என்னை விட்டுவிட்டு, கொட்டில் ஓரத்தில் நின்ற அம்மாவிடம் போனார். அம்மாவுக்கு அப்போதுதான் விசயம் தெரியவந்தது. என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

"அக்கா, பன்னிரண்டு அஞ்சிலயிருந்து பன்னிரண்டு பத்து வரைக்கும்தான் நல்ல நேரம். விட்டா அடுத்த கிழமைதான். நாள், நேரம் தெரிஞ்ச ஆள் நீங்கள். நீங்களே சொல்லுங்கோ. நேரத்தைத் தப்ப விடலாமோ?"

அம்மா தோணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். கிழமை முழுவதும் நேரம் நேரம் என்று வீட்டை ஆட்டிவைத்தவர். சபையில் வைத்து மாற்றிச் சொல்ல முடியுமா?

"ஏலாதுதான்" என்றார், மிகவும் மெல்ல.

கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார். "முழுக்க இறக்க வேணுமெண்டு இல்லை. நேரத்துக்கு ஒரு சாண் அசைஞ்சாப் போதும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

"சத்தம் போடாமல்" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே கட்டளை.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தேங்காயைக்கூடத் துணியில் சுற்றித்தான் உடைத்தார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் பூனை மாதிரி வந்து கை வைத்தார்கள். ரிஸ்வானா மட்டும் கண்டாள். அவளுடைய கண் பெரிதாகியது. ஒன்றுமில்லை என்று கையால் காட்டினேன். கஜனி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தள்ளினார்கள். தோணி அசையவில்லை. சத்தம் இல்லாமல் தோணி தள்ளி ஒருவருக்கும் பழக்கம் இல்லை. ஒருவன் தள்ளும்போது மற்றவன் மூச்சு எடுக்கிறான். அவன் தள்ளும்போது இவன் கை மாற்றுகிறான். பன்னிரண்டு ஏழு. பன்னிரண்டு எட்டு. சம்மாட்டியின் முகம் கறுத்தது. நேரம் போகிறது என்ற பதற்றத்தில் அந்த மனிசனுக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"ஓ... ஏலோ" என்று அம்பா எடுத்தார். தோணியும் வலையும் இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது.

"ஏலோ" என்று எல்லோரும் பதில் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்போது அவர்களைத் தடுக்கத்தான் ஓடினேன். சத்தியமாகத் தடுக்கத்தான். ஆனால் எங்கள் கரையில் ஒரு பழக்கம். அம்பா கேட்டால் பக்கத்தில் நிற்கிறவன் எவனும் தோள் கொடுக்க வேண்டும். கல்யாண வேட்டியோடு வந்தவனும் கொடுப்பான். பதினைந்து வயதிலிருந்து கொடுத்த தோள். அது என்னைக் கேட்கவில்லை. படுக்கைத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன், பின்பக்கத்தில் தோளை வைத்தேன், தள்ளினேன். தோணி அசைந்தது என் தோளில்தான் என்று தள்ளியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். "ஏலோ" என்று கத்தியதிலும் என் சத்தம்தான் பெரிதாம்.

கொழும்பில் இருந்தவர்கள் கண்டது இது: சுவரைப் பிளந்துகொண்டு சேட் இல்லாத ஒருவன் வந்தான். வந்து, பிள்ளைக்குப் பின்னால் நின்று கத்தினான். பிறகு சுவர் தூரப் போகத் தொடங்கியது.

அந்த நேரம் கேட்கப்பட்ட கேள்வியை ரிஸ்வானா பிறகு சொன்னாள். உங்களிடம் உள்ள பெரிய குறை எது?

கஜனி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா" என்றாள்.

ஒரு சாண் என்ற கதை எல்லாம் கிறீஸுக்குத் தெரியாது. தோணி கொட்டிலை விட்டு வெளியே வந்து, மணலில் இறங்கி, அலையில் விழுந்தது. தண்ணீர் ஏறி வந்தது. ரிஸ்வானா போட்ட கூச்சல் தன் உயிருக்கு இல்லை, லப்டொப்புக்கு. கஜனி லப்டொப்பைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். டை கட்டியவர் ஒருவர் பதறிக் கதிரையை விட்டு எழும்பினாராம். கொழும்பில் இருந்து எதைப் பிடிக்கப்போகிறார்.

அறுந்திருக்கலாம், அந்த லைன். அறுந்துபோகவில்லை. கடலுக்குள் சிக்னல் இன்னும் நன்றாக இருந்தது. பூப்போட்ட பாவாடை, வானம், சூடம் காட்டுகிற பூசாரி, தலையில் கை வைத்த அம்மா, இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நான். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் பார்த்தார்கள்.

கஜனி நின்றபடியே மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. கரைக்கு இழுத்து வந்து இறக்கியதும், என்னைத் தாண்டிப் போய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகுதான் அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"சாப்பிட்டியோ?" என்றேன்.

உள்ளே அழுகை நின்றது. பிறகு ஏதோ ஒன்று கதவில் வந்து விழுந்தது. செருப்பு என்று நினைக்கிறேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தக் கம்பனி எடுக்கவில்லை. மரியாதையாகக் கடிதம் போட்டார்கள்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது டவுனில், துறைமுகப் பக்கம், கப்பல் அலுவல் பார்க்கிற ஒரு சின்ன ஒஃபிஸில் கேட்டுப் பார்த்தாள். நேரே நடந்து போனாள். அங்கே இருந்த பெரியவர் கடல் பழக்கம் உண்டோ என்று கேட்டாராம். ஓம் என்றாளாம். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, இவளும் விளக்கவில்லை. பயிற்சிக்கு எடுத்தார்கள். பட்டம் அந்த வருடமே கிடைத்தது. அந்த ஒஃபிஸிலேயே நிரந்தரமாகிவிட்டாள்.

(அவள் அங்கே போனது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. அம்மாவுக்கு லைபிரரி என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா இதை வாசிக்க மாட்டார். வாசித்தால் எழுதியது நான் இல்லை.)

சம்மாட்டிக்கு அந்தப் பருவம் பாரை மீன் அள்ளிக் கொடுத்தது. பிள்ளை ஏறிய ராசி என்கிறார். தோணி இறக்கும்போது கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறச் சொல்லி வருடாவருடம் ஆள் அனுப்புகிறார். அவள் போவதில்லை. கோட்டை மட்டும் கொடுத்து விடுவாள்.

எனக்குப் பேர் மாறிவிட்டது. கல்யாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு வருவார்கள். "இவர்தானே கஜனியின்ர குறை?" ரிஸ்வானா கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தாள். அவர் எழும்பிக் கை கொடுத்தார்.

இப்போது கஜனிக்குக் கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. வீட்டுக்குள்ளேயே சிக்னல் வந்துவிட்டது. முதல் நாளே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் மீட்டிங்கில இருக்கேக்க நீங்கள் எவ்வளவு தூரத்தில நிக்க வேணும் எண்டு ஒரு முடிவெடுப்பம்."

"சொல்லு" என்றேன்.

அவள் வாசலில் நின்று, வேலிக்கு அப்பால் நிற்கிற வேப்பமரத்தைக் காட்டினாள். நான் வலைக் கயிற்றை எடுத்து, வலைக்கு அளப்பதுபோல இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று, அவளுடைய கதிரையிலிருந்து மரம் வரைக்கும் அளந்தேன்.

பன்னிரண்டு பாகம்.