மிச்சமான மூன்று கனெக்டர்

பல் டாக்டர் காருக்குள் தலைகீழாகக் கிடந்தார். கால்கள் முன் சீட்டின் சாய்மானத்தில், தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில். கையில் நோயாளிகளின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி. அதை டேஷ்போர்டுக்கு அடியில் எப்படிக் காட்டிப் பார்த்தாலும், ஒயர் நுனியில் மிச்சமாகத் தொங்கிய மூன்று கனெக்டர்கள் எங்கே போய்ச் சேரவேண்டியவை என்று பிடிபடவில்லை.

அவரைவிட வயதில் மூத்த கார் அது. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கழற்றிய டேஷ்போர்டைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. விளக்கு எரிந்தது, ஹார்ன் அடித்தது, வைப்பர் ஆடியது. இந்த மூன்று மட்டும், விருந்துக்கு வந்து நாற்காலி கிடைக்காத உறவுக்காரர்களைப் போல ஓரமாகத் தொங்கின.

கழற்றும்போதே ஒவ்வொரு ஒயருக்கும் பேர் எழுதி ஒட்டியிருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் அவருடைய சகலை அப்படி எழுதி ஒட்டியிருந்தார். சகலை செய்ததைத் தானும் செய்வதற்குப் பதில் காரைக் கொளுத்திவிடலாம் என்பது டாக்டரின் கொள்கை.

சகலை ஒரு பேங்க் மேனேஜர். அதே கம்பெனி, அதே வருஷம், அதே மாடல் கார் வைத்திருந்தார். தன்னைப் பார்த்துத்தான் வாங்கினார் என்று டாக்டர் சொல்வார். அதற்கு முன்பே பேசி வைத்திருந்ததாகச் சகலை சொல்வார். அந்தக் காரில் ரேடியோ பாடியது. ஹீட்டர் வேலை செய்தது. முன்னால் மஞ்சளாக இரண்டு பனிவிளக்குகள். அதெல்லாம் போதாதென்று, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து டாக்டருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

எரிகிற கொள்ளியில் மாமனார் வேறு எண்ணெய் ஊற்றினார். அவருடைய கடைக்குட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டு மருமகன்களில் யார் கார் குறையில்லாமல் தயாராகிறதோ, அதில்தான் மணப்பெண் போவாள் என்று அறிவித்துவிட்டார். நடுரோட்டில் நின்றுவிடக் கூடாது என்று அவர் சொன்னபோது தன்னை மட்டும் பார்த்ததாக டாக்டருக்குப் பட்டது.

அவர் தலைகீழாகக் கிடந்த நேரம் பார்த்துக் கார்க் கதவருகே சகலையின் ஷூ தெரிந்தது.

"என்ன சகலை, மூணு மிச்சமா?" என்று குனிந்து கேட்டார்.

தலைகீழாகக் கிடக்கிற மனிதனுக்கு மண்டையில் ரத்தம் ஏறும். டாக்டருக்குக் கூடவே ஒரு பொய்யும் ஏறியது.

"மிச்சமில்ல. இந்த வண்டிக்குன்னே போட்ட ஏற்பாடு. எல்லா வண்டியிலயும் இருக்காது."

சகலை "ஓ" என்றார். இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு டாக்டரின் மனைவி கொடுத்த காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

அந்த "ஓ"வில் எவ்வளவு ஏளனம் இருந்தது என்று டாக்டர் மனைவிக்கு நடித்தே காட்டினார். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கப்போகிறான். அதற்குள் மூன்றுக்கும் மூன்று வேலை கண்டுபிடித்தாக வேண்டும். சகலையையே கேட்டால் என்ன என்றாள் மனைவி. மரத்துப்போக ஊசி போடாமல் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வதாக டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை, முதல் கனெக்டர் வைப்பர் சுவிட்சுக்குப் பின்னால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததைப் பிடுங்கிய பிறகுதான். பிரேக்கை மிதித்தார், வைப்பர் ஆடியது.

பிடுங்கியதை வேறோர் இடத்தில் செருகினார். வைப்பர் நின்றது. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் அடித்தது. வலது பக்கம் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. அதனால் வலது பக்கம் சரியாகிவிட்டதாக வைத்துக்கொண்டார். இரண்டாவது கனெக்டரை மாட்டியதும், காலி டாங்க்குக்குப் பெட்ரோல் முள் முழுசாக நிறைந்திருப்பதாகக் காட்டியது. இந்த ஒரு பழுதைச் சரிசெய்ய மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் கிளினிக்கில் நோயாளிகள் வாயைத் திறந்தால் அவருக்கு உள்ளே ஒயர்தான் தெரிந்தது. சகலையின் கார் ரோஜாப்பூவோடு முன்னால் போவது போலவும், அதன் ரேடியோ தன்னைப் பார்த்துப் பாடுவது போலவும் நினைத்துக்கொண்டு, வலிக்காத பல்லை ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கனெக்டரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். புகை வந்தது. எதிர்வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்தார். மனைவி நிதானமாக வந்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல், அந்த மூன்றையும் படம் எடுத்து உதிரிபாகக் கடைக்காரருக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"அது எங்கயும் போக வேண்டியதில்ல சார். கம்பெனியில எல்லா வண்டிக்கும் ஒரே ஒயரிங்தான் போடுவாங்க. ரேடியோ, ஹீட்டர், பனிவிளக்கு தனியா கேட்டு வாங்கினவங்களுக்கு அந்த மூணுல மாட்டிக் குடுப்பாங்க. உங்களோடது சாதா வண்டி. சும்மா தொங்கட்டும் விடுங்க."

"சாதா" என்ற சொல் புகையைவிடக் காட்டமாக இருந்தது. சகலையின் காரில் ஏன் எதுவும் தொங்கவில்லை என்று இப்போது புரிந்தது. அதில் எல்லாமே இருந்தது. இவரோ இல்லாததற்கு இடம் தேடப் போய், இருந்ததையும் கெடுத்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கார் இனி நகராது.

தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சகலை வீட்டுக்கு நடந்தார். "உங்க வண்டியே போகட்டும் சகலை" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். அந்தத் தெருமுனை வந்தபோதுதான் பல்லைக் கடிக்காமல் சொல்ல வந்தது.

கதவைத் திறந்தது சகலையின் மனைவியான கொழுந்தியாள். மனசு மாறுவதற்குள் அவளிடமே சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கு உங்க வண்டியே போகட்டும்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கார் ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். தரையில் ரேடியோ கிடந்தது. பக்கத்தில் ஹீட்டர். பழைய பேப்பர் மேல் இரண்டு பனிவிளக்குகள். திறந்த கார்க் கதவுக்கு வெளியே சகலையின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. டாக்டரின் குரல் கேட்டும் அவை அசையவில்லை.

கொழுந்தியாள் அலுத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேருந்து இப்படித்தான் அத்தான். உங்க வண்டியில மட்டும் இருக்காமே மூணு கனெக்டர், அது எங்க வண்டியில எங்கன்னு தேடிட்டிருக்கார்."