கத்தியில்லாமல் கட்டி எடுத்தவர்

அந்த வசந்தத்தில் ஓஷ் நகரத்துக் கோழிகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. எஷிம்குல் என்ற மகான் வந்து இறங்கியிருந்தார். மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், மூளைக் கட்டியை வெறும் விரலால் உருவி எடுப்பாராம். காணிக்கை கிடையாது. ஆளுக்கொரு கொழுத்த கோழி போதும். நோய் அதற்குள் இறங்கிவிடுமாம். அப்புறம் கோழி எதற்குள் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மகானின் வயிற்றைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

காலையிலேயே அவர் முற்றம் நிறைந்துவிடும். பாதி மனிதர்கள், பாதி கோழிகள். அதிகம் யோசித்தது எந்தப் பாதி என்று சொல்வது கடினம்.

சந்தையில் இருபது வருடமாகக் கோழி இறைச்சி விற்கும் பூருல்கானும் அந்த வரிசையில் நின்றாள். மூன்று மாதத்துக்கு முன் மருத்துவமனையில் அவள் தலையைத் திறந்து கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி போனது, களைப்பு போகவில்லை. நாலு படி ஏறினால் உட்கார வேண்டும். சந்தை இரைச்சல் மண்டைக்குள் ஆணி அடித்தது. சொற்கள் வேறு கண்ணாமூச்சி ஆடின. கெட்டிலைச் சொல்ல நினைத்து, "அந்தக் குதிரைய அடுப்புல வை" என்பாள். கணவர் மறுபேச்சில்லாமல் தேநீர் போடுவார்.

இதெல்லாம் தணிய மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் கட்டியில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டார் என்று நாத்தனார் ஜூரா சொன்னாள். பூருல்கானுக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால், "ஒரு நாளாவது தூங்கி விழாம இருக்கணும் ஜூரா" என்று கிளம்பிவிட்டாள்.

மகான் அவள் தலையில் கருப்புத் துணியைப் போர்த்தினார். பிசைந்தார், முனகினார். காதோரம் வெதுவெதுப்பாக இரத்தம் வழிந்தது. தட்டில் தொப்பென்று ஒரு கட்டி விழுந்தது. கூட்டம் அழுதது. ஜூரா சத்தமாகவே அழுதாள். இனி டாக்டர் தந்த மாத்திரைகளை ஆற்றில் எறிந்துவிடு என்று மகான் ஆணையிட்டார்.

பூருல்கானின் கை மாத்திரைப் பைக்குப் போனது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற சாத்தாரைக் கவனித்தாள். பள்ளி ஆசிரியர்; அதே மருத்துவமனையில் மூளை அறுவை செய்துகொண்டவர். போன வாரம் மகான் பேச்சைக் கேட்டு மாத்திரையை எறிந்தார். மூன்றாம் நாள் ரொட்டிக் கடை வாசலில் வலிப்பு வந்து விழுந்து, முகமெல்லாம் சிராய்ப்பு. உள்ளே இருந்த ஜின் என்ற பேய் வெளியே போகும்போது உதைத்துவிட்டுப் போனது என்று மகான் விளக்கம் தந்திருந்தார். இப்போது இரண்டாவது கோழியோடு வந்திருந்தார் ஆசிரியர்.

பூருல்கானின் கை நின்றது. தட்டைப் பார்த்தாள். ஊதா நிறம், உருண்டை, விறைப்பு. தினமும் கூடை கூடையாக அவள் கையில் புரள்வது. தெரிந்தது, பெயர்தான் வரவில்லை.

"இது வந்து... கல்லு தின்னுற பை" என்றாள்.

அருள் வந்துவிட்டது என்று ஒருவர் மண்டியிட்டார். மகானும் தலையாட்டினார். "ஆமாம்மா. ஜின்னுக்குக் கல்லுதான் சாப்பாடு."

அவள் ஜூராவின் சாப்பாட்டுப் பையிலிருந்த ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்தாள். தொட்டால் கை வெந்துவிடும் என்று மகான் தடுத்தார்.

"இருபது வருஷமாத் தொடுறேன், இன்னும் வேகல" என்று ஒரே கீறலில் பிளந்தாள்.

உள்ளே மஞ்சள் தோல். அதற்குள் மணல், இரண்டு கூழாங்கல், நாலு மக்காச்சோள மணி.

"என் மண்டைக்குள்ள சோளம் போட்டது யாருங்க? டாக்டரா, நீங்களா?"

ஜின்னின் வேலை என்றார் மகான். சாத்தார் மெதுவாக அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். "அப்ப எனக்கும் எடுங்க பெரியவரே. சட்டைக் கைய மட்டும் முழங்கை வரைக்கும் மடிச்சுட்டு எடுங்க."

நல்ல நேரம் முடிந்துவிட்டதாம். சாத்தார் மகானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அதிலிருந்து இன்னும் இரண்டு கோழி இரைப்பைகள் இரத்தம் சொட்ட விழுந்து உருண்டன. மகான் பின்வாசல் வழியாக ஓடினார். கோழிகளும் அவிழ்த்துக்கொண்டு ஓடின. கூட்டம் கோழிகளைத்தான் துரத்தியது.

சாத்தார் அன்றே டாக்டரிடம் போய் மாத்திரையை மறுபடி தொடங்கினார். பூருல்கான் மதியத்தில் கடையை மூடிவிட்டுத் தூங்குகிறாள். தலைவலி எப்போது, எந்தச் சொல் வரவில்லை என்று நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுகிறாள். களைப்பு இருக்கிறது, கொஞ்சம் குறைவாக.

மகான் இப்போது வேறு ஊரில் சிறுநீரகக் கல் எடுக்கிறாராம். இங்கிருந்தும் மூன்று பேர் முகவரி விசாரிக்கிறார்கள். போங்கள், தடுக்கவில்லை. ஆனால் உங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்குமுன், அதை ஒரு தடவையாவது உபயோகித்துப் பாருங்கள்.