ஆடுகள் தின்ற தென்துருவம்

உங்கள் அத்தா கப்பல் ஏறியதில்லை, பிள்ளைகளே. கடலைக்கூடக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். ஆனால் தென்துருவத்தில் நின்றிருக்கிறேன். திண்டுக்கல்லில், சித்திரை வெயிலில், உடம்பு முழுக்க ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு. அங்கே நின்றபடியே உங்கள் அம்மாவை இழக்கவும் பார்த்தேன். ஒரு மனுஷன் ஒரே இடத்தில் நின்று இவ்வளவையும் கெடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பீர்கள். எனக்கு அந்தத் திறமை இருந்தது.

எல்லாம் காசிம் மச்சானால் வந்தது. என் அக்காவைக் கட்டியவர். நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. ஊரில் கோடைப் பொருட்காட்சி வந்துவிட்டால் அதில் ஏதாவது ஒரு கடை போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வருஷம், சீனி மடித்து வந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். ஒரு கப்பல், சுற்றிலும் பனி, கரையில் கறுப்புக் கோட்டுப் போட்ட மாதிரி பென்குயின் பறவைகள். கப்பலில் இருந்து வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

“பாத்தியா இபுறாகிம்! குளுரப் பாக்கக் காசு குடுத்துப் போறான் வெள்ளக்காரன். இங்க வெந்து சாகுற சனம் குடுக்காதா?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அவருடைய கேள்விகள் எப்போதும் நியாயமாக இருக்கும். பதில்தான் என் தலையில் விழும்.

சக்கரம் கழற்றிய பாரவண்டி ஒன்று கப்பலாயிற்று. இரண்டு ஆட்கள் அதைப் பிடித்து ஆட்டினால் அலை. ஐஸ் கட்டிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து விசிறினால் துருவக் காற்று. செத்த நேரம் ஆட்டிவிட்டு எதிரே தொங்கும் படுதாவைச் சுருட்டுவோம், தென்துருவம் தெரியும். பனிக்கு எங்கே போவது? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள் அல்லவா, அந்த உப்பை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மலையாகக் குவித்தோம். அடியில் பென்குயின் வேஷத்தில் ஓர் ஆள். உச்சியில் ஒரு வெள்ளைக் கரடி. மரச்சட்டத்தில் செம்மறித் தோலைச் சுற்றியது. (தென்துருவத்தில் கரடி ஏது அத்தா என்பீர்கள். உங்களுக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குச் சீனிப் பொட்டலம்தான் வாத்தியார். அதுவும் பாதி கிழிந்திருந்தது.)

கூட்டம் நன்றாகவே வந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் விதி விளையாடியது.

அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்துத் திண்டுக்கல் கசாப்புக்காரர்களுக்கு விற்கும் ராவுத்தர், அதாவது உங்கள் அம்மாவைப் பெற்ற நன்னா, அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைப் பார்க்க வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். உங்கள் அம்மாவை ஒரு கல்யாண வீட்டில் நான் ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். பந்தியில் யாரோ வழுக்கி விழுந்ததற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வசதியான இடத்திலிருந்தும் அவளைக் கேட்டிருந்தார்கள். ராவுத்தர் என்னைப் பார்த்து முகம் சுளித்தால் அத்தோடு முடிந்தது. அக்கா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள்.

மத்தியானம் ஜும்மாத் தொழுகை முடிந்து வெளியே வந்தவனை மச்சான் பள்ளிவாசல் வாசலிலேயே பிடித்தார். “பறவைக்குக் காய்ச்சல்” என்றார். பறவையாக நின்ற ஆள் வெக்கை தாங்காமல் படுத்துவிட்டானாம்.

“ஒரே ஒரு ஆட்டம் நில்லுப்பா. அஸருக்குள்ள அவுத்துவிட்டுர்றேன். என் மானம் போகுது.”

அவர் மானம் காக்கப் போனேன். கறுப்புச் சாயம் ஏற்றிய தோலுக்குள் என்னை நுழைத்தார்கள். வயிற்றுக்கு வெள்ளைத் தோல். கை இரண்டும் உள்ளே. முதுகில் தைத்து மூடினார்கள். தலைக்கு அலகு வைத்த குல்லா. உள்ளே நான் பிரியாணிச் சட்டியில் தம் போட்ட கறியாக இருந்தேன்.

கப்பல் கிளம்பியது. மச்சான் தகரப் புனலில் கத்தினார். “பிரயாணிகளே! கைய வெளிய நீட்டாதீங்க, சுறா இருக்கு!”

“ஏம்ப்பா, தோல் ஷாப்பு நாத்தமுல்ல அடிக்கிது?” என்றது ஒரு பெண்குரல்.

“திமிங்கிலம் மூச்சு விடுதும்மா!”

படுதா எழுந்தது. நான் இப்படியும் அப்படியும் அசைந்தேன். அந்தச் சமயத்தில்தான் பின்பக்கத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆட்டுத்தலை உள்ளே வந்தது. பனியை ஒரு நக்கு நக்கியது. கண்ணை மூடி ரசித்தது. பிறகு எப்படித்தான் தகவல் சொன்னதோ, பின்னால் ரோட்டில் கசாப்புக்கு ஓட்டிப்போன மந்தையே உள்ளே பாய்ந்தது.

“தென்துருவத்துல ஆடு இருக்காண்ணே?” என்று கப்பலில் ஒருவர் கேட்டார்.

“இருக்கு, இருக்கு!” என்றார் மச்சான். “இது வந்து... பனி ஆடு!”

பனி ஆடுகள் மலையைத் தின்றன. கரடி தலைகுப்புற விழுந்தது. வேர்வையில் ஊறி, உப்பும் ஒட்டியிருந்த என்னையும் அவை விடவில்லை. கால், வயிறு, முதுகு என்று சொரசொர நாக்குகள். விரட்டக் கையில்லை. கூச்சம் தாங்காமல் நான் நெளிந்ததைப் பார்த்துச் சனம் கைதட்டியது.

தட்டியைப் பிய்த்துக்கொண்டு கம்பும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்தார். “எவன்டா உப்பக் கொட்டி வச்சது? இத நக்கிட்டு கொளத்துத் தண்ணியப் பூராக் குடிக்குமே! உப்பக் காட்டித் தண்ணியக் குடிக்க வச்சு எடை ஏத்துறான் ராவுத்தன்னு சொல்ல மாட்டானுகளா? எம் பேரு என்னத்துக்கு ஆகும்?”

ராவுத்தர் என்றதும் எனக்குத் தோலுக்குள்ளேயே குளிரெடுத்தது. அன்றைக்குத் தென்துருவத்தில் நிஜமாகக் குளிர்ந்தவன் நான் ஒருவன்தான்.

ஆடுகளை விலக்கி விலக்கிக் களைத்த பெரியவர் என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினார். “அப்பு, நீ தோல் ஷாப்பு ஆளா?”

அலகை ஆட்டினேன்.

“அங்கன இபுறாகிம்னு ஒரு பய இருக்கானாமே. எப்புடிப்பட்ட ஆளு?”

புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கோ இனி இப்படி ஒரு வாய்ப்பு வராது என்று தோன்றிவிட்டது.

“தங்கமான பையன்” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “பீடி வாட கூட ஆகாது. அஞ்சு வேளையும் தொழுவான். கணக்குல கெட்டி. பொறுமசாலி. ஆளும் பாக்க லட்சணமா இருப்பான்.”

“அம்புட்டும் ஒரே ஆளுக்கிட்டயா?”

“ஆமா மாமா.”

அவர் மெள்ளத் திரும்பினார். “மாமாவா?”

அதே நேரம் கப்பலிலிருந்து புனல் முழங்கியது, மைதானம் பூராவும் கேட்கும்படி: “ஏலே இபுறாகிம்! பொண்ணு வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சுடா! அலகக் கழட்டு!”

ராவுத்தரே குல்லாயைக் கழற்றினார். வேர்வை சொட்டும் என் முகம் வெளியே வந்தது. நான் சலாம் சொன்னேன். வேறென்ன சொல்ல? அவர் பதில் சலாம் மட்டும் சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்ட ஆரம்பித்தார்.

ஆனால் ஆடுகளை எங்கே ஓட்டுவது? அன்றைக்கு விற்றால் அவர் பேர் கெடும். தாகத்தோடு விட்டால் ஆடு கெடும். எங்கள் தோல் ஷாப்பு முற்றத்தில் அடைக்கச் சொன்னேன். மச்சான் தையலைப் பிரித்துக் கையை மட்டும் வெளியே எடுத்துவிட்டார். பாதிப் பறவையாகவே கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். ஊற்ற ஊற்றத் தொட்டி காலியானது. நான் இறைத்தேன், ஆடுகள் குடித்தன. பொழுது சாய்ந்தது. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. ராவுத்தர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன். ஆடுகளுக்காவது தண்ணீர் கிடைக்கட்டும்.

கடைசி ஆடும் தொட்டியை விட்டு நகர்ந்ததும் ராவுத்தர் எழுந்து வந்தார்.

“உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாக. இங்க தின்னது ஆடு, தண்டன ஒனக்கு.”

கிணற்றுக் கயிற்றைச் சுருட்டினேன்.

“ஒன்னயப் பத்தி நாலு எடத்துல விசாரிச்சேன். நல்ல பயலுன்னாக. அவ்வளவுதான். லட்சணமா இருப்பான்னு நீ ஒருத்தன்தான் சொன்ன.”

“மாமா, அது வந்து...”

“அது மட்டும் பொய்யி” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். “மத்தது இருக்கட்டும். பொண்ணத் தாரேன்.”

கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதை பெண்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நம் இரண்டு குடும்பத்திலும் யாராவது தன்னைத்தானே கொஞ்சம் தூக்கிப் பேசினால் போதும், ஒரே கேள்விதான் வரும். நேற்றுக்கூட நீங்கள் வீட்டுக்கணக்கோடு வந்தபோது, “அத்தா அந்தக் காலத்துல கணக்குல கெட்டியாக்கும்” என்றுதான் ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா கேட்டாள்:

“யாரு சொன்னா? பறவையா?”