செண்பகம் டீச்சரின் முழு வருகை

ஒரு காட்டில், சிங்கம் எல்லாரையும் தின்று முடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அதற்குப் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை செண்பகம் என்ற அணில். அவள் வகுப்பில் ஒரு குரங்கு, ஒரு முயல், ஒரு யானைக்குட்டி, இருளப்பன் என்ற வவ்வால் என நான்கே பிள்ளைகள்.

இருளப்பன் பகலெல்லாம் தூங்கி வழிவான். உட்காரச் சொன்னால் உருண்டு விழுவான். செண்பகம் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கூரையில் ஒரு மூங்கிலைக் கட்டி அவனைத் தொங்கவிட்டாள். வகுப்பையும் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொண்டாள். யானைக்குட்டிக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அவன் தேறிவிட்டான்.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால், அவளுக்கு உதவி அனுப்பினார்கள்.

உதவியைக் கொண்டுவந்தவர் நல்லதம்பி என்ற நரி. புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர். எந்தப் பிள்ளையையும் ஒதுக்காத வகுப்பறை எப்படி இருக்கும் என்று மதியச் சாப்பாடு வரும்வரை விளக்கிவிட்டு, அவள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார். தினமும் வகுப்பை ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். அதிலுள்ள முகங்களைப் பார்த்துச் செயலியே வருகை போட்டுக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது எல்லா முகமும் ஒரே படத்தில் சேர்ந்து பதிவாகாவிட்டால், விடுபட்ட பிள்ளையின் பெயர் நீக்கப்படும். பிள்ளையை ஒதுக்கிய குற்றத்துக்காக ஆசிரியையின் வேலையும் போகும்.

செண்பகம் படம் எடுத்தாள். மூன்று முகங்களில் பச்சை விழுந்தது. தலைகீழாகத் தொங்கிய இருளப்பன் ‘வரவில்லை’. டேப்லெட்டைக் கவிழ்த்துப் பிடித்தாள். இருளப்பன் வந்துவிட்டான், மற்ற மூவரும் வரவில்லை.

நரிக்குப் போன் போட்டாள்.

“சார், பையன் என் கண்ணு முன்னாடிதான் தொங்குறான். செயலிக்குத்தான் தெரியல.”

“செயலி சரியாத்தான் இருக்கு டீச்சர். நீங்க பையனைச் சரிபாருங்க.”

அவனை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் புத்தகங்களை முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். மூக்கில் அடிபட்டதுதான் மிச்சம். இதற்குள் வாரத்தின் கடைசி நாளும் வந்துவிட்டது.

“நான் வேற ஸ்கூலுக்குப் போயிடட்டுமா டீச்சர்?” என்றான் இருளப்பன்.

“அங்கயும் இதே செயலிதான்டா.”

செண்பகம் மேலே மூங்கிலைப் பார்த்தாள். பிறகு கீழே மற்ற மூவரையும் பார்த்தாள்.

குரங்கு, சொல்வதற்கு முன்பே தொங்கிவிட்டது. முயலின் பின்னங்கால்களைக் கட்டித் தூக்கவும் அதுவே உதவியது. யானைக்குட்டியை மூங்கில் தாங்காது. அதை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சுவரில் சாய்க்கச் சொன்னாள். டேப்லெட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் படம் எடுத்தாள்.

நான்கும் பச்சை.

மறுநாளே அவள் வேலை நிரந்தரமானது. முன்மாதிரி வகுப்பறை என்று அந்தப் படம் காடெங்கும் போயிற்று. இனி எல்லாப் பள்ளிகளிலும் கவிழ்ந்தேதான் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இதற்குப் பயிற்சி கொடுக்க நரிக்குத் தொங்கத் தெரியாது. ஆகவே இருளப்பனையே கருத்தாளர் ஆக்கினார்கள்.

முதல் கூட்டத்தில் அவனுக்குப் போட்ட மாலை நழுவித் தரையில் விழுந்தது. வரிசையாகத் தொங்கிய புதிய ஆசிரியர்கள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள். இருளப்பன் தொண்டையைச் செருமினான்.

“சில பிள்ளைகள் பிறவியிலேயே நேராக நிற்பவர்கள். அது அவர்கள் தப்பு இல்லை. அவர்களையும் ஒதுக்காமல், பொறுமையாகத்தான் கவிழ்க்க வேண்டும்.”

முன்வரிசையில் தொங்கிய செண்பகம்தான் முதலில் கைதட்டினாள்.

நீதி: பிள்ளைக்கும் கருவிக்கும் ஒத்துப்போகாவிட்டால் கருவியில் கைவைக்காதே, அது விலை உயர்ந்தது. பிள்ளைகள் இலவசமாகவே கவிழ்வார்கள்.