எதிர்க்கடைச் சட்டை

"எத்தனை?" என்று கேட்டார் காலர் மாஸ்டர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"நமக்கா, சித்தப்பாவுக்கா?" என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"முதல்ல அவனுக்குச் சொல்லு."

"நூத்தி நாப்பது."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. யாரோ நம்பிக் கொடுத்த பேன்ட் துணி அதன் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

"நமக்கு?"

"மூணு. அதுல ஒண்ணு நான், ஒண்ணு அம்மா."

"மூணாவது யாரு?"

"வழி தெரியாம நம்ம வாசல்ல நின்ன கூரியர்காரர்."

காலர் மாஸ்டர் தைத்த சட்டையில் காலர் நின்றால் நின்றதுதான்; துணி நைந்து போகும், காலர் படுக்காது. அந்தப் பெயரை வைத்தே இத்தனை வருஷம் அந்தத் தெருவில் கொடி கட்டிப் பறந்தார். பறந்த கொடியை இறக்க வந்தவன் வேறு யாருமில்லை, மனைவியின் தங்கை புருஷன், சகலை. ஊரில் எத்தனையோ தெரு இருக்க, நேர் எதிர்வரிசையில் தையல் கடை போட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி, ஆளுயரக் கண்ணாடி. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதே மாஸ்டர்தான். அன்று பிடித்த வயிற்றெரிச்சல், எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

போதாக்குறைக்கு இந்தப் போன் சமாசாரம். ஒரு கடைக்கு வருகிறவர்கள் "நான் இங்கே இருக்கிறேன்" என்று போனில் பதிந்துவிட்டுப் போகலாமாம். அது அவர்களுக்குத் தெரிந்தவர்களின் போனுக்கெல்லாம் போகுமாம். அதைப் பார்த்து அவர்களும் வருவார்களாம். உலகம் பூராவும் அதற்கு செக்-இன் என்று பெயர். மாஸ்டர் வீட்டில் மட்டும் அதற்குக் குத்து என்று பெயர். காரணம், முதல் நாள் மகள், "அப்பா, மேப்ல நம்ம கடைக்கு ஒரு பின் குத்தணும்" என்றபோது, மாஸ்டர் குண்டூசி டப்பாவை நீட்டி, "பெருசு வேணுமா, சின்னது வேணுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அது குத்து.

"நம்ம தங்கச்சி வீட்டுக்காரர் கடைக்கு மட்டும் எப்படிங்க இவ்வளவு குத்து?" என்று சாப்பாட்டு நேரத்தில் மனைவி கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். முக்கால்வாசியும் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் போட்டதுதான் என்று மகள் சொல்லியும் மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு போர்டு தொங்கியது. மாஸ்டரே கைப்பட எழுதியது: "இங்கே வந்து குத்துவோருக்கு ஒரு பட்டன் இலவசம்."

வந்தவர்கள் போர்டைப் படித்தார்கள். படித்த கையோடு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். மத்தியானம் ஒரு போலீஸ்காரர்தான் தைரியமாக உள்ளே வந்தார்.

"யாரு யாரைக் குத்தணும்?"

"என் கடையைத்தான் சார்."

"கடையை எப்படிய்யா குத்துவாங்க?"

"போன்ல சார். வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"வீட்டுல என்ன வேணா சொல்லிக்க. போர்டைக் கழட்டு," என்றார் அவர். போகும்போது சட்டையில் ஒரு பட்டன் இல்லை என்று சொல்லி, இலவசப் பட்டனையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் சகலையின் எண்ணிக்கை இன்னும் ஏறியிருந்தது. மாஸ்டர் மகளிடம் போனை நீட்டினார்.

"ஊரான் போடாட்டி போறான். நானே போட்டுக்கிறேன். எதை அமுக்கணும்?"

"ஒண்ணும் அமுக்க வேணாம்பா. தானா போடுற மாதிரி வச்சிருக்கேன். ஒரு கடைகிட்ட கொஞ்ச நேரம் நின்னாலே அதுவே போட்டுரும்."

மாஸ்டர் கடைக்குள் நின்றார். உட்கார்ந்தார். மெஷின் மேல் வழக்கம்போல இடது தோளைச் சாய்த்துக்கொண்டு தைத்தார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், அதே மூணு.

"என்னடி இது, நான் நின்னதெல்லாம் எங்க போச்சு?"

மகள் போனைத் தேய்த்துப் பார்த்தாள். "சொந்தக் கடைக்கு முதலாளி வர்றதைக் கணக்குல எடுக்காதாம்பா."

"நல்லா இருக்கே நியாயம்," என்று போனைச் சட்டைப் பையில் திணித்தவர், அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

சகலை காசு கொடுத்து ஆள் வைத்துக் குத்துகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன சந்தேகம், சத்தியமே செய்வார். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி. சகலை கடையை ஒட்டினாற்போல் ஒரு நூல் கடை இருந்தது. முன்பெல்லாம் ஒரு மாதத்து நூலை மொத்தமாக வாங்கிப் போடுகிற மாஸ்டர், இப்போது ஒரு கண்டு வாங்க ஒரு நடை நடந்தார். வெள்ளை நூலுக்குக் காலையில், கறுப்பு நூலுக்கு மத்தியானம், வாங்கிய நீலம் சரியில்லை என்று மாற்றுவதற்குச் சாயங்காலம். நூல் வாங்கும் சாக்கில் அக்கம்பக்கத்தில் நூல் விட்டும் பார்த்தார்.

"சகலை கடையில கூட்டம் எப்படி?" என்று நூல் கடைக்காரரிடம் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு தினம் வர்றது நீங்க ஒருத்தர்தான் மாஸ்டர்," என்றார் அவர், சில்லறையை எண்ணியபடி. தன் கடையைச் சொல்கிறார் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவின் ஓரமாகக் கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பார். உள்ளே சகலை தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பான். அப்படியும் எண்ணிக்கை ஏறுகிறது. ஏற ஏற மாஸ்டர் கூடுதல் நேரம் நின்று பார்த்தார். அவர் கூடுதல் நேரம் நிற்க நிற்க அது இன்னும் ஏறியது. என்ன மாயம் என்று அவருக்குப் புரியவில்லை.

அதன்பிறகு நடந்தது அதைவிட மோசம். மாஸ்டரிடமே தைத்துக்கொண்டிருந்தவர்களில் முதலில் பேங்க் மேனேஜர் எதிர்க்கடைக்குப் போனார். அடுத்து போட்டோ ஸ்டூடியோக்காரர் மனைவி மக்களோடு போனார். மாஸ்டரின் மெஷினில் சிலந்தி வலை பின்னாததுதான் குறை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"தங்கச்சி சொன்னா... அவர் கடையில காலர் தைக்க ஒரு நல்ல ஆள் வேணுமாம்."

"அதுக்கு?"

"நீங்க கோபப்படாம கேட்டா சொல்றேன்."

மாஸ்டர் கோபப்படவில்லை. கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சகலையிடம் கை கட்டி வேலை பார்ப்பதா? காலர் தூக்கி நின்ற மனுஷன் அன்று தலையணையில் முகம் புதைத்துக்கொண்டார். தனக்குப் பொறாமை என்று அதுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை. அன்று ஒப்புக்கொண்டார், ஆனாலும் அது குறையவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது கணக்கு வாத்தியார் ஒருவர்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாஸ்டரிடம்தான் தைக்கிறார். எதையும் போனில் பார்த்து, நாலு பேர் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் செய்வார். "போன்ல பாக்காம நான் பல்லுகூடப் பிடுங்கிக்க மாட்டேன் மாஸ்டர்," என்று பெருமையாகச் சொல்வார். அந்த வாத்தியார் துணிப்பையோடு தெருவில் வந்தார். மாஸ்டர் எழுந்து அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாத்தியார் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, நேராக எதிர்க்கடைக்குள் போனார்.

டேப் கழுத்தில் தொங்கத் தொங்க மாஸ்டர் தெருவைக் கடந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, திறப்பு விழாவுக்குப் பிறகு முதல் தடவையாக, உள்ளேயே போய்விட்டார்.

"வாங்கண்ணே," என்று எழுந்தான் சகலை. "இவ்வளவு நாள் வாசலோட போயிட்டீங்களே. உள்ள வாங்க."

"உறவு இருக்கட்டும் சகலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். யாரை வச்சுக் குத்துறீங்க?"

சகலை முழித்தான். துணிப்பையைக் கீழே வைத்த வாத்தியாரும் முழித்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? குத்துறதா?"

"நடிக்காதீங்க. கடையில ஈ ஓட்டிக்கிட்டிருந்தீங்க, போன்ல மட்டும் திருவிழாக் கூட்டம். ஆள் யாரு? அதைச் சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

அப்போதுதான் அவர் கண்ணில் அந்தச் சட்டை பட்டது. சுவரில் தனியாகத் தொங்கியது, வெளிர்நீலத்தில் புதுச் சட்டை. பக்கத்தில் ஒரு அட்டை: "நம் கடைக்கு அதிக முறை வருகை தந்த வாடிக்கையாளருக்கு எங்கள் அன்புப் பரிசு."

"மாட்டினீங்க," என்றார் மாஸ்டர். "இந்தச் சட்டைக்காரன்தான் அந்த ஆளு. இவனுக்குக் கூலி இந்தச் சட்டை."

"அண்ணே, அது வந்து..."

"பேசாதீங்க. ஆளைக் காட்ட வேணாம், சட்டையைக் காட்டினாலே போதும். இந்தக் கை எத்தனை உடம்பு பார்த்திருக்கு." மாஸ்டர் சட்டையை இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரல் தையலின் மேல் ஓடியது. தையல் நேர்த்தியாக இருந்தது. அது வேறு எரிந்தது. "இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். ஒரு பக்கமா சாஞ்சே பொழப்பை ஓட்டின பய. வயிறு கொஞ்சம் முன்னால. கழுத்தைப் பாருங்க, முன்பக்கம் எவ்வளவு இறக்கிக் கொடுத்திருக்கீங்க. ஏன்? அடுத்தவன் வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பார்க்கிற கழுத்து இது. வேலை வெட்டி இல்லாத திருட்டுக் கழுத்து. இப்படி ஒரு கோணல் உடம்பை என் வாழ்க்கையில நான் பார்த்ததில்ல. யாருய்யா இவன்?"

சகலை தலையைக் குனிந்துகொண்டு அளவு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான்.

கணக்கு வாத்தியார் தன் போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அது உங்க சட்டைதான் மாஸ்டர். தினம் மூணு வேளை நீங்க இங்க வர்றதா போன்ல வந்துக்கிட்டே இருக்கு, காலர் மாஸ்டரே இங்கதான் தைக்கக் கொடுக்கிறாருன்னுதானே நாங்க எல்லாரும் இந்தக் கடைக்கு மாறினோம்."