பேசாத விமானம்

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

மகாகனம் பொருந்திய சாய்நாத் அத்திம்பேருக்கு அனந்தராமன் அநேக நமஸ்காரம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? இவ்விடம் விமானத்தைத் தவிர சகலரும் சௌக்கியம்.

ரிடையர் ஆன நாளாக, பதினோரு வருஷமாக, நான் கொட்டிவாக்கம் ஷெட்டில் இரண்டு சீட் விமானம் கட்டி வருவது தாங்கள் அறிந்ததே. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ் துணியும் பிசினும். கூட நின்று ஒட்டியவர், ஊரூர் குப்பத்து மீனவர்களுக்குப் படகு செய்து தரும் நூர் முஹம்மது. நான் பறப்பதற்கு என் ஆத்துக்காரி வேம்பு போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "நான் கீழே ரேடியோவை வெச்சுண்டு உக்காந்துப்பேன். உங்க குரல் கேக்கலேன்னா வித்துடணும்." கெடு இன்று சாயங்காலம்.

ஆன்டெனா என்பது வாலுக்குள் ஒட்டிய இரண்டு செப்புப் பட்டைகள். ஒன்றையொன்று தொடக்கூடாது, அவ்வளவுதான் சங்கதி. போன மாசம் வேம்பு பூஜை போட்டாள், நூர் முஹம்மதுவின் சம்சாரம் ஹாஜிரா பீ பாத்திஹா ஓதினார். நானும் நூர் முஹம்மதுவும் டீ குடித்துவிட்டு வந்து அப்படியே வாலை மூடினோம். அன்றிலிருந்து ரேடியோ ஊமை. தெருக்கோடியில் கைரேடியோவோடு நிற்கிற வேம்புவுக்கு வெறும் கொர்ர்ர். கேபிளை மாத்தினேன். கனெக்டரை மூணு தரம் பத்த வெச்சேன், மூணாம் தரம் வேஷ்டியில ஓட்டை. ரேடியோவையே கழட்டிண்டு கிண்டிக்கு ஓடினா, கடைக்காரன் "ரேடியோ ஜம்முனு கீது சார், வேற எங்கியாச்சும் பாரு"ங்கறான். வாலை அறுத்தா மறுபடி ஒட்ட ஒரு மாசம் ஆகுமேன்னு பயம். கடைசியில புத்தி கெட்டுப் போய் நூர் முஹம்மதுவைக் கேட்டுட்டேன், கார்பன் துணி ஏதாவது கலந்துட்டீரா, அது ரேடியோ அலையை முழுங்கிடுமேன்னு. "இன்னா சார், பதினோரு வருசமா ஒண்ணா ஒட்டிக்கினு கீறோம், என்னியே சந்தேகப்படறியா?"ன்னு டிபன் பாக்ஸை எடுத்துண்டு போனவர்தான், நாலு நாளா வரலை. வேம்புவோ வால்னு வாயெடுத்தாலே காபி கலக்கப் போயிடறா. விமானம் போனாப் போறது அத்திம்பேர், அந்த மனுஷனைப் போய்க் கேட்டேனே, அதுதான் தூக்கம் வரலை.

ஆகையால் விற்றுவிடத் தீர்மானித்துவிட்டேன். தங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வாங்குவாரா என்று விசாரிக்கவும். இனிமேல் கோவில், கச்சேரி என்று இருந்துவிடுகிறேன். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அனந்தராமன்

பி.கு.: யாரிடமும் விசாரிக்க வேண்டாம். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தை வேம்பு படித்துவிட்டாள். நூர் முஹம்மது கோபித்துக்கொண்டு போனதைப் படித்ததும் அழுதேவிட்டாள். "நீங்க டீ குடிக்கப் போனப்போ, விழாம இருக்கணுமேன்னு வாலுக்குள்ள எந்திரத் தகடு ஒண்ணு ஒட்டினேன்னா!" ஓடிப்போய் நூர் முஹம்மதுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். வாலை அறுத்தால், செப்புத் தகடு இரண்டு பட்டைகளையும் தொட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. பக்கத்திலேயே ஒரு வெள்ளித் தாயத்து. "அடக் கடவுளே, என் வூட்லயும் வெச்சிகீது!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது இரண்டும் என் சீட்டுக்கு அடியில்.

சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்து "வேம்பு, கேக்கறதா?" என்றேன். "நன்னாக் கேக்கறது. போறும், ஜாக்கிரதையா எறங்கி வாங்கோ" என்றாள். விமானம் இன்னும் ஷெட்டை விட்டே நகரவில்லை.